ஊராட்சியை நகரத்தோடு சேர்க்காதே!
(அல்லிநகரம் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



எங்க ஊர் போர்டைப் பாருங்க: தேனி அல்லிநகரம் நகராட்சி. பேரு இருக்கு, கிராமசபை இல்லை. இந்த நிலை பக்கத்து ஊராட்சிகளுக்கும் வரவேண்டுமா?

2024 டிசம்பர் கடைசியில் தமிழக அரசு என்ன அறிவித்தது? 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகள், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகள், ஆக 296 ஊராட்சிகளை இணைப்பதாம். பல ஊர்களில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ஏன்?

ஊராட்சி போனால் கிராமப்புற வேலைத் திட்டமும் போச்சு. களையெடுப்பு இல்லாத நாளில் அடுப்பெரிய வைத்தது அந்தக் கூலிதானே! வரியும் நகரக் கணக்கில் ஏறும். 2022இல் நகரச் சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். கட்டினவங்க நாங்க சொல்றோம்.

ரோடு வரும், சாக்கடை வரும் என்கிறார்கள். வரட்டும், நிதியை ஊராட்சிக்கே கொடுங்கள்! கண்மாயும் வாய்க்காலும் பிளாட் ஆன பிறகு ரோட்டை வைத்து என்ன விதைப்பது?

கிராமசபையைக் கேட்காமல் ஒரு ஊரையும் சேர்க்காதே! ஜனவரி 26 கிராமசபைக்குக் குடும்பத்தோடு வாங்க. தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்க. நகல் வாங்காமல் வீடு திரும்பாதீங்க!