அரிசியைப் பார்த்தோம், சாக்கைப் பார்த்தோமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அரிசி ஏற்றுமதியில் இருக்கிறாயே, மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். விலை, வரி, டாலர் மதிப்பு பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன். சாக்கு! சிரிக்காதீர்கள். அரிசி விலையோடு பார்த்தால் சாக்கின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் கடல் தாண்டிப் போன சரக்கு திரும்பி வருவதற்கு அந்தச் சாக்கு ஒன்றே போதும். யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசின கதைதான் நம் தொழிலில் தினமும் நடக்கிறது.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டு. நமக்குப் பட்டோடு அரிசியும் உண்டு. ஆரணி, களம்பூர் பக்கத்து அரிசி ஆலைகளின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். வெளிநாட்டுத் தமிழர் கடைகளுக்குப் போகிற பொன்னி அரிசி பெரும்பாலும் 5, 10, 20 கிலோ பைகளில் போகிறது. அங்கே கொண்டுபோய்ப் பிரித்துக் கட்டுகிற பெரிய வியாபாரிகளும், மாவு, ஸ்டார்ச் போன்றவற்றை வாங்குகிற தொழிற்சாலைகளும் கேட்பது ஜம்போ பை. ஒரு பையில் ஒரு டன் பிடிக்கும். கிரேனிலோ ஃபோர்க்லிஃப்டிலோ தூக்க நாலு மூலையிலும் காது இருக்கும். 20 அடி கன்டெய்னரில் கீழே பத்து, மேலே பத்து என்று இருபது பை வைக்கலாம். ஆக, ஒரு கன்டெய்னர் என்றால் சுமார் 20 டன் உணவு. இருபதே பைகளை நம்பி அது கடலில் மிதக்கிறது.

இந்தப் பையும் ஒரு நெசவுதான்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, தாளாக இழுத்து, நாடா நாடாகக் கீறி, வட்டத்தறியில் பாவும் ஊடையுமாக நெய்வதுதான் ஜம்போ பைத் துணி. பட்டு நூலுக்கு டெனியர் சொல்கிறோம் அல்லவா? 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற அதே கணக்குதான் அந்த நாடாவுக்கும். சேலையைக் கையில் வாங்கினதும் "எடை குறைகிறதே, இழை குறைச்சிருக்காங்களா" என்று கேட்கிற ஊர் இது. அதே கண்ணோடு பையையும் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பை வாங்கும்போது நான் ஐந்து கேள்வி கேட்பேன். அதை அப்படியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: எந்தப் பிளாஸ்டிக்?

உணவுக்கான பை புதிய பாலிபுரோப்பிலீனில்தான் செய்திருக்க வேண்டும். பழைய பைகளை அரைத்து உருக்கிய பிளாஸ்டிக்கைக் கலந்தால் விலை குறையும். ஆனால் அரைத்த பையில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உரமா, சாயமா, பூச்சிமருந்தா? பிளாஸ்டிக்குக்கு ஜாதகம் கிடையாது.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு (பேக்கேஜிங்) விதிமுறைகள் இதற்கு வழி சொல்கின்றன. உணவைத் தொடும் பாலிபுரோப்பிலீன் ஐ.எஸ். 10910 என்ற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஐ.எஸ். 9845 முறையில் சோதிக்க வேண்டும். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. ஐரோப்பாவின் 10/2011 விதியிலும் மொத்த அளவுக்கு இதே வரம்புதான். ஆகவே "ஃபுட் கிரேடு சார்" என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. இந்த லாட் துணிக்கான சோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அறிக்கையின் ஜெராக்ஸை நீட்டினால் வேறு கடை பாருங்கள்.

அச்சு மையையும் மறக்காதீர்கள். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலைக் கோடிக்கணக்கான லிட்டர் கணக்கில் பறிமுதல் செய்தார்கள். அட்டைப்பெட்டியின் வெளிப்புற அச்சு மையிலிருந்த ஐ.டி.எக்ஸ். என்ற ரசாயனம் பாலில் தென்பட்டதுதான் காரணம். வெளியே அடித்த மை உள்ளே எப்படிப் போகும்? அச்சடித்த தாளைச் சுருட்டி வைக்கும்போது வெளிப்பக்கம் உள்பக்கத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான். பைகளை அடுக்கிக் கட்டும்போதும் இதே ஆபத்து உண்டு.

இரண்டு: எங்கே தைத்தார்கள்?

நல்ல பிளாஸ்டிக்கில் நெய்து, குப்பைக் கொட்டகையில் தைத்தால் என்ன பயன்? உணவுப் பை தைக்கும் இடம் மூடிய, சுத்தமான அறையாக இருக்க வேண்டும். துணியைக் கத்தியால் அறுத்தால் நாடா பிரிந்து இழை இழையாக உதிரும். சூட்டில் அறுத்தால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். தைத்து முடித்த பையைக் காற்றடித்து உதறி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, உடைந்த ஊசி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று உலோகம் காட்டும் கருவியில் சோதித்துத்தான் கட்ட வேண்டும். முடிந்தால் ஒருமுறை நேரிலேயே போய்ப் பாருங்கள். தையல்காரர் தலையில் தொப்பி இருக்கிறதா, எலி நடமாட்டம் உண்டா, ஜன்னலில் வலை இருக்கிறதா? இவற்றைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

மூன்று: எவ்வளவு தாங்கும்?

பையின் மேல் ஒட்டிய சீட்டில் "பாதுகாப்பான எடை 1000 கிலோ, 5:1" என்று இருக்கும். ஒரு டன் தூக்கவேண்டிய பை, சோதனையில் ஐந்து டன் வரை தாங்க வேண்டும் என்று பொருள். இது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பைக்கு. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பைக்கு 6:1 கேட்பார்கள். ஐ.எஸ்.ஓ. 21898 என்ற சர்வதேசத் தரம் இதைச் சொல்கிறது. பாலிபுரோப்பிலீனுக்கு வெயில் எதிரி. வெயில் தாங்கும் மருந்து சேர்க்காத துணி சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பையைப் போட்டு வைத்துவிட்டு, துறைமுகத்தில் காது அறுந்தது என்று புலம்பக் கூடாது. ஒரு டன் பை தலைக்கு மேலே தொங்கும்போது கீழே நிற்பது யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை.

நான்கு: உள்ளே போவது என்ன?

எல்லாப் பொருளுக்கும் ஒரே பை என்பது சரிவராது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூச்சு விடுகிறவை. அவற்றுக்குக் காற்றோட்டம் உள்ள வலைப்பின்னல் பை வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மரவள்ளி ஸ்டார்ச் போன்றவை தையல் ஓட்டை வழியாகவே கசியும். அவற்றுக்குத் தையலுக்குள் திரி வைத்துத் தைத்த பையும், உள்ளே பாலித்தீன் லைனரும் தேவை. இன்னொன்று, மாவும் ஸ்டார்ச்சும் வேகமாகக் கொட்டும்போது நிலைமின்சாரம் உண்டாகும். காற்றில் பறக்கும் மாவுத் தூசு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. அதனால்தான் ஜம்போ பைகளில் ஏ, பி, சி, டி என்று நாலு வகை வைத்திருக்கிறார்கள். 'ஏ' வகையில் மின்சாரத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. 'சி' வகையில் மின்சாரம் கடத்தும் இழை ஓடும். அதைக் கட்டாயம் எர்த் பண்ண வேண்டும். எர்த் பண்ணாத 'சி' பை ஆபத்தானது. எந்தப் பொருள், எந்த இடத்தில் கொட்டப்போகிறார்கள் என்று வாங்குபவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரிசிக்கு முக்கியம் ஈரம். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள அரிசியை லைனரில் போட்டு இறுக்கிக் கட்டினால், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பூசணம் பிடிக்கும். கப்பலில் பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறி மாறி வரும்போது கன்டெய்னர் கூரையில் வியர்த்துத் தண்ணீர் சொட்டும். லைனர் இல்லாத பை அதில் நனையும். ஆக, முதலில் காயவை, பிறகு லைனர் போடு. ஈரத்தை லைனரால் மறைக்க முடியாது. நம் மாவட்டத்து நிலக்கடலைக்கு இது உயிர்ப் பிரச்சினை. பூசணத்தால் வரும் அஃப்லாடாக்சின் நேரடியாக உண்ணும் கடலையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பா ஏற்காது. வண்டுக்கு மருந்துப் புகை போடுவதாக இருந்தால், புகை சரக்குக்குள் போக வழி இருக்கும்போதே போட வேண்டும். லைனரை இறுக்கிக் கட்டிவிட்டு வெளியே புகை போட்டால் உள்ளே இருக்கும் வண்டு நிம்மதியாகத் தூங்கும்.

"பிளாஸ்டிக்கே வேண்டாம், நம்ம பழைய கோணிப்பையே நல்லது" என்று பெரியவர்கள் சொல்வது காதில் விழுகிறது. கோணி நல்லதுதான்; ஆனால் அதற்கும் கேள்வி உண்டு. சணலை நூற்கும்போது மிருதுவாக்க எண்ணெய் தெளிப்பார்கள். வெகுகாலம் அது பெட்ரோலிய எண்ணெயாக இருந்தது. கோகோ, காப்பிக்கொட்டை, கொட்டைப் பருப்புகளில் அந்த எண்ணெய் ஏறியிருப்பதை 1990களில் ஐரோப்பிய ஆய்வகங்கள் கண்டுபிடித்தன. பிறகு 1998இல் பன்னாட்டுச் சணல் அமைப்பு உணவுக்கான கோணிக்கென்று தனித் தரம் வகுத்தது. தாவர எண்ணெய்தான் தெளிக்க வேண்டும், சோப்பாக மாறாத எண்ணெய்ப் பகுதி ஒரு கிலோ சணலில் 1250 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. அந்தத் தாவர எண்ணெய்களில் ஒன்று தவிட்டெண்ணெய். நம் ஆலையில் அரைத்த நெல்லின் தவிடு, உணவுக்கான கோணிக்கு எண்ணெயாகப் போகிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஐந்து: பக்கத்தில் என்ன இருந்தது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 1958ஆம் ஆண்டு கோடையில் கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டம் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம், பம்பாயிலிருந்து கப்பலில் வந்த மாவு மூட்டைகளோடு ஒரே இடத்தில் ஃபாலிடால் என்ற பாரத்தியான் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்தது, மூட்டை உறிஞ்சியது, மாவில் இறங்கியது. அன்றைய மதராஸ் மாநிலமும் பாதிக்கப்பட்டது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1968இல் வந்த பூச்சிமருந்துச் சட்டத்துக்கு அந்தச் சாவுகள்தான் வித்து. மாவு அரைத்தவர் தப்பு செய்யவில்லை. பண்டம் சுட்டவரும் தப்பு செய்யவில்லை. நடுவில் மூட்டையை யாரும் கவனிக்கவில்லை.

இன்றைக்கும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. சில வருஷத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் ஆலையின் அரிசி வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றது. பெயர் வேண்டாம். அரிசி அருமை, ஈரம் சரி, பைக்குச் சான்றிதழும் இருந்தது. ஆனால் பையைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை. விசாரித்ததில், காலிப் பைக் கட்டுகளை டீசல் பீப்பாய்கள் இருந்த கொட்டகையில் ஒரு மாதம் அடுக்கி வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. பிளாஸ்டிக் வாடையை இழுத்துக்கொள்ளும். அரிசியும் இழுத்துக்கொள்ளும். நஷ்டம் முதலாளியோடு நிற்கவில்லை. அந்த சீசனில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வேலை குறைந்தது, நெல் போட்ட விவசாயிகளுக்குப் பணம் தாமதமானது.

ஆகவே காலிப் பையையும் உணவு மாதிரியே வையுங்கள். மூடி வையுங்கள், தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள், உரம், மருந்து, டீசல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு பையிலும் லாட் எண் இருக்கட்டும். எந்தப் பையில் எந்த நாளின் அரிசி போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு பையில் குறை வந்தால், இருபதையும் திருப்பாமல் அந்த ஒன்றை மட்டும் தேடி எடுக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

தம்பி தங்கைகளே, இது வெறும் வியாபாரிகளின் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். வேதியியல் படிக்கிறவர் இந்தச் சோதனைகளைச் செய்யலாம். வணிகவியல் படிக்கிறவர் இந்த ஆவணங்களைக் கையாளலாம். 1966இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் இதற்கென்றே படிப்பு நடத்துகிறது. சென்னை கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான சிப்பெட் இருக்கிறது. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்தது இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஆலை நடத்தும் முன்னாள் மாணவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வருஷத்துக்கு இரண்டு மாணவர்களையாவது உங்கள் கிடங்குக்குக் கூப்பிட்டு, ஒரு பையைப் பிரித்துக் காட்டுங்கள். அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி சில சமயம் நமக்கே தோன்றாததாக இருக்கும்.

பட்டுச் சேலையை மடித்துக் கொடுக்கும்போது எந்தத் தாளில் சுற்றுகிறோம் என்று நம் ஊரில் யோசிப்பார்கள். கறை படக் கூடாதே என்ற கவலை. சேலை உடம்புக்கு மேலே போவது. அரிசி உடம்புக்கு உள்ளே போவது. அந்தக் கவலையில் பாதியாவது அரிசிச் சாக்குக்கும் காட்டுவோம்.