தோட்டப்புறங்களும் இணைய வசதியும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் தேயிலைக்கும் இறப்பருக்கும் பேர்பெற்றவை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்னும் பெயர்களைக் கேட்டவுடனே கொழுந்துக் கூடையும் பால்வாளியும் நினைவுக்கு வருகின்றன. இவ்விளைபொருள்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு, ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே களனிப் பள்ளத்தாக்கில் புகையிரதப் பாதை அமைந்துவிட்டது. பொருள் போகும் வழி விரைவில் திறந்தது. கல்வி வரும் வழியோ மெல்லத்தான் திறந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இணையத்தின் விஷயத்திலும் அத்தகைய தாமதம் நேரலாமா என்பதே இன்றைய கேள்வி.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு இடம்பெயர்ந்தன. லயன் அறையில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். மாலையில் அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். அயல் மாகாணமான ஊவாவில், போகிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர்கள் அலைவரிசை தேடிக் காட்டுவழியே நடந்து பாறைமேல் ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. படிப்பதற்கு மலையேற வேண்டியிருந்தது என்பது பிள்ளைகளுக்குப் பெருமை. நாட்டுக்கு அது பெருமையாகுமா?

இக்குறைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மலை. வானலை நேர்வழியில் செல்லும் இயல்பினது. குன்று குறுக்கிட்டால் அதன் மறுபுறம் நிழல் விழுவதுபோல அலையும் மங்கிவிடும். தொழிற்சாலைக்கருகில் நன்கு கேட்கும் தொலைபேசி, பள்ளத்திலுள்ள லயனில் ஊமையாகிவிடுவது இதனாலேயே. இரண்டாவது, பணம். கோபுரம் ஒன்றை நகரில் நாட்டினால் பல்லாயிரவர் பயன்படுத்துவர். தோட்டத்தில் நாட்டினால் சில நூறு குடும்பங்களே பயன்படுத்தும். செலவு குறைவதில்லை, வரவு குறைகிறது. ஆகவே வணிக நிறுவனம் தானாக முன்வரத் தயங்குகிறது. மூன்றாவது காரணம் தோட்டத்துக்கே உரியது. லயன்வாசிகள் பலருக்குத் தமக்கெனக் காணியுரிமையும் இல்லை, தனி முகவரியும் இல்லை. கடிதம்கூடத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே கைக்கு வருகிறது. வீட்டுக்கு நிலையான இணைப்பு வேண்டுமாயின் முதலில் கேட்கப்படுவது முகவரியன்றோ?

அரசு வாளாவிருந்துவிடவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதற் பத்தாண்டில் 'நெனசல' என்னும் அறிவகங்கள் நாடெங்கும் கிராமங்களில் திறக்கப்பட்டன. பின்னர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 'கமட்ட சன்னிவேதனய', அதாவது கிராமத்துக்குத் தொடர்பாடல், என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது முன்னோடி மாவட்டமாகத் தெரிவானது இரத்தினபுரியே. 2025 ஜூலையில் விண்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கைக்கு வந்தது. அதற்கு மலையும் தடையன்று, பள்ளமும் தடையன்று. ஆனால் நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அதன் விலையே மலையாக நிற்கிறது.

இவ்விடத்தில் வானொலி காட்டிய ஒரு வழியை நினைவுகூர்தல் பொருந்தும். மத்திய மலைநாட்டிலே, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன் 1990களின் இறுதியில் ஒரு பரிசோதனையை மேற்கொண்டது. வீடுகளில் கணினி இல்லாத காலம் அது. நேயர்கள் தம் ஐயங்களை நிலையத்துக்கு அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி ஒலிவாங்கியின் முன் எடுத்துரைப்பார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கு இணைய வசதி செய்யப்பட்டது. ஓர் இணைப்பு ஓர் ஊருக்கே பயன்பட்டது. வீட்டுக்கு வீடு குழாய் வரும்வரை பொதுக்கிணறு தாகம் தீர்க்கவில்லையா?

இத்தாகம் வெறும் பொழுதுபோக்குக்கானதன்று. சப்ரகமுவவில் க.பொ.த. உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. பௌதிகவியல் ஆசிரியர் இல்லையென்பதற்காக விருப்பமில்லாத துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவி, வேறோர் ஊரின் ஆசிரியரை இணையத்தின் வழியே கேட்க முடியுமாயின் அவளுடைய வாழ்க்கையே திசை மாறும். உயிர்களும் இதனோடு பிணைந்துள்ளன. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து பலர் மண்ணில் மறைந்தனர். அவர்களுள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. மண்சரிவு எச்சரிக்கை உரிய வேளையில், தெளிந்த தமிழில், லயன் வாயிலை எட்டுதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், மின்சாரம் தடைப்பட்டால் தொலைபேசிக் கோபுரமும் மௌனமாகிவிடும் என்பதையும் உணர்த்திற்று. ஆதலால் கோபுரத்தோடு அதற்கு மாற்று மின்வசதியும் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியையும் யாரும் கைவிடலாகாது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. தோட்டத்துக்கொரு பொது இணைப்புப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ அமைதல் வேண்டும். மாலை வேளைகளில் அது திறந்திருத்தல் வேண்டும். பகலெல்லாம் கொழுந்து பறித்த தாயும் அப்போதுதான் வர இயலும். கருவியை இயக்கவும் பழுது பார்க்கவும் அவ்வூர் இளைஞர் ஒருவரைப் பயிற்றி ஊதியத்துடன் அமர்த்துதல் வேண்டும். பொறுப்பாளர் இல்லாத கணினி, சில மாதங்களில் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கும். லயன்வாசிகள் ஒவ்வொருவருக்கும் முகவரி கிடைத்தல் வேண்டும். அது இணையத்துக்கு மட்டுமன்றிக் குடிமகனின் மதிப்புக்கும் அடிப்படையாகும்.

தோட்ட மக்கள் ஈட்டித் தந்த செல்வம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் கடந்து உலகெங்கும் சென்றிருக்கிறது. அவ்வுலகின் அறிவு அவர்களுடைய பிள்ளைகளிடம் வந்து சேர்வது சலுகையன்று. தீர்க்கப்பட வேண்டிய கடன்.