மத்திய களத்து நாயகன்



சிலோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்திரித்சா நகரிலே 1987ஆம் ஆண்டு பிறந்த மரேக் ஹம்சிக், உதைபந்தாட்டத்தில் மத்திய களம் ஆடியவர். பதினேழாம் வயதிலேயே இத்தாலியின் பிரேசியா கழகத்தை அடைந்த அவர், 2007இல் நாப்போலிக்கு வந்தார். பதினோராண்டுகளுக்கு மேலாக அங்கே நிலைத்தார். வேறெந்த இத்தாலியக் கழகத்தையும் நாடிச் செல்லவில்லை.

2010 உலகக் கிண்ணத்திலே, அவர் தலைமையில் ஆடிய சிலோவாக்கியா, நடப்பு வெற்றியாளரான இத்தாலியை 3–2 எனத் தோற்கடித்தது. தமக்கு வாழ்வளித்த நாட்டையே அவர் வெல்ல நேர்ந்தது. 2017 டிசம்பரில் நாப்போலிக்காகத் தமது 116ஆவது கோலை அடித்து, மரடோனாவின் சாதனையையும் கடந்தார்.

ஆயினும், அவர் மிக விரும்பிய இத்தாலிய லீக் பட்டம் கைகூடவில்லை. 2018இல் 91 புள்ளிகள் ஈட்டியும் நாப்போலி இரண்டாமிடமே பெற்றது. 2019இல் அவர் விடைபெற்றார். 2022இல் துருக்கியின் திராப்சொன்ஸ்போர், 38 ஆண்டுகளின் பின் பட்டம் வென்றபோது, அவ்வணியில் ஹம்சிக்கும் இருந்தார். மறு ஆண்டில் நாப்போலி வாகை சூடியபோதோ, அவர் அங்கில்லை.

நட்டவரே கனியுண்ண வேண்டுமென்பது நியதியன்று. நிழலைத் தந்த மரத்தை நட்டவர் யாரென்பதை நாப்போலி நகரம் நன்கறியும்.