சும்மா கிடைத்த கப்பலுக்கு 235 கோடி டாலர்

அருப்புக்கோட்டையிலிருந்து பேசுறேன். கடலைப் பார்க்கணும்னா நாங்க சாயல்குடி தாண்டிப் போகணும். கோடையில எங்க கண்மாயிலேயே தண்ணி இருக்காது, இதுல விமானந்தாங்கிக் கப்பல் பேச்சான்னு கேட்கலாம். ஆனா இது கப்பல் கதைங்கிறதைவிட எஸ்டிமேட் கதை.

ரஷ்யாவோட அட்மிரல் கோர்ஷ்கோவ், 1987-ல் 'பாகு'ங்கிற பேரில் சோவியத் கடற்படையில் சேர்ந்த கப்பல். சோவியத் உடைஞ்ச பிறகு அதை வச்சு ஓட்டக் காசில்லை. போதாததுக்கு 1994-ல் பாய்லர் அறையில் வெடிவிபத்து. 2004 ஜனவரியில் நாம ஒப்பந்தம் போட்டோம். கப்பல் இலவசம், மாத்திக் கட்டுற கூலி மட்டும் 97.4 கோடி டாலர், 2008-ல் கைக்கு வரும். விமானங்களுக்குத் தனிக் கணக்கு.

நம்ம பக்கம் பழைய ஓட்டு வீட்டை மராமத்து பார்த்தவங்களுக்கு மீதிக் கதை தெரியும். கொத்தனார் வெளியே நின்னு பார்த்து ஒரு தொகை சொல்வார். ஓட்டைப் பிரிச்சாத்தான் கைமரமெல்லாம் கரையான் தின்னது தெரியும். அதுக்குள்ள கூரை போயிருக்கும், வேற ஆளையும் கூப்பிட முடியாது. சாஃப்ட்வேர்லயும் இதேதான்: பழைய கோடைத் திறந்து பார்க்காம ஃபிக்ஸட் பிரைஸ்ல கையெழுத்துப் போடுறது.

செவெரோத்வின்ஸ்க் துறைமுகத்தில் பிரிச்சுப் பார்த்தாங்க. முன்பக்கம் இருந்த ஏவுகணைக் குழாய்களை எடுத்துட்டு, விமானம் எகிறிப் போக வளைஞ்ச ஓடுதளம் கட்டணும். கேபிள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல புதுசா இழுக்கணும். 2007-ல் இன்னும் 120 கோடி டாலர் கொடுங்கன்னாங்க. பேசிப் பேசி 2010-ல் மொத்தம் சுமார் 235 கோடின்னு முடிஞ்சது. நடுவுல 2009-ல் நம்ம தணிக்கைத் துறை, புதுக் கப்பலைவிட 60 சதவீதம் அதிகம் கொடுத்து, பாதி ஆயுசுள்ள பழைய கப்பலை வாங்குறோம்னு எழுதிருச்சு. 2012 சோதனை ஓட்டத்தில், முழு வேகம் பிடிக்கும்போது பாய்லருக்குள்ள இருந்த வெப்பக் காப்புச் செங்கல் தாங்கல. கடைசியில 2013 நவம்பர் 16-ல்தான் விக்ரமாதித்யாவா நம்ம கடற்படையில் சேர்ந்தது.

இப்போ ஒரு மாற்று வரலாறு பார்ப்போம். 2007-ல் "போங்கய்யா, வேண்டாம்"னு நாம எழுந்து வந்திருந்தா? பழைய விக்ராந்த் 1997-லேயே ஓய்வு பெற்றாச்சு. விராட் 2017 மார்ச்சில் போச்சு. கொச்சியில் நாமளே கட்டின புது விக்ராந்த் வந்தது 2022 செப்டம்பர். நடுவுல அஞ்சரை வருஷம் இந்தியாவுக்கு ஒரு விமானந்தாங்கிகூட இருந்திருக்காது. அது ரஷ்யாக்காரங்களுக்கும் தெரியும். அதனாலதான் பேரத்தில் நம்ம கை தாழ்ந்தது. 2007-ல் நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் பணத்தைக் கொடுத்திருப்பேன். என் கோபமெல்லாம் 2004 கையெழுத்து மேலதான்.

சீனாவும் இப்படி ஒரு பழசைத்தான் வாங்கினாங்க. உக்ரைனில் அரைகுறையா நின்ன வர்யாக். ஆனா அதைத் தாலியனுக்கு இழுத்துட்டுப் போய், தங்களோட தளத்தில் தாங்களே பிரிச்சாங்க. 2012-ல் அது லியாவ்நிங் ஆச்சு. அதே தாலியனில் கட்டின ஷான்தோங் 2019-ல் வந்தது. அவங்க செலவும் குறைஞ்சிருக்காது, ஆனா கரையான் எங்கே இருக்குன்னு பார்த்தது அவங்க ஆளுங்க.

நாம கொச்சியில் அதைக் கத்துக்கிட்ட கதை, 2009-ல் அடித்தளம் போட்டதிலிருந்து, அடுத்த எபிசோடுல.