பச்சை லைட் எரிந்தது, எர்த் இல்லை

(நம் சங்கத்தின் பிப்ரவரி மாத உறுப்பினர் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன வாரம் லிப்டில் செக்ரட்டரி சாரைப் பார்த்தேன். "ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்க வேலையைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். "என் வேலை என்னன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன். "ஏதோ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனைவியும் சொந்தக்காரர்களிடம் இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறாள்.

பெங்களூர் சாலைப் பக்கம் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் தொழிற்சாலைகளில் இருந்தேன். ஸ்டாட்டிக், அதாவது நிலை மின்சாரம், போர்டுகளைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நிலை மின்சாரம் நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை ஒட்ட வைத்திருப்போம். காரிலிருந்து இறங்கிக் கதவைத் தொட்டால் சில நாள் சுரீர் என்கிறதே, அதுவும் இதேதான். இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் இன்னொன்றுக்குப் போய்விடுகின்றன. போக வழியில்லாமல் அங்கேயே தங்கும் மின்சாரம், வழி கிடைத்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது.

அந்தச் சுரீர் நமக்குத் தெரிய வேண்டுமென்றால் உடம்பில் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். பயப்படாதீர்கள். வோல்ட் பெரிதாக இருந்தாலும் மின்சாரத்தின் அளவு மிகக் கொஞ்சம், நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் போர்டில் இருக்கும் சில ஐ.சி.க்கள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுப்போகும். நூறுக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் என்ன நடந்தாலும் செய்தவருக்குத் தெரியாது. சத்தம் கிடையாது, பொறி கிடையாது, கையில் உணர்வும் கிடையாது.

இதைவிடக் கஷ்டம் ஒன்று உண்டு. அடிபட்ட ஐ.சி. உடனே செத்துவிட்டால் டெஸ்டிங்கில் பிடித்துவிடலாம். சில நேரம் அது காயத்தோடு பிழைத்துவிடும். டெஸ்டில் பாஸ் ஆகும், பேக் ஆகும், வாடிக்கையாளரிடம் போகும், சில வாரமோ சில மாதமோ வேலை செய்துவிட்டு ஒருநாள் நின்றுபோகும். அப்போது யார் கையில், எந்த நிமிஷத்தில் அடிபட்டது என்று கண்டுபிடிப்பது லேசில்லை.

"சென்னையில ஏது சார் ஸ்டாட்டிக், இங்கதான் எப்பவும் பிசுபிசுன்னு இருக்கே" என்று புதிதாகச் சேரும் எஞ்சினியர்கள் கேட்பார்கள். பாதி சரி. எங்கள் துறைக் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கார்ப்பெட் மேல் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65 சதவீதத்துக்கு மேல் போனால் அது 1,500 ஆகக் குறைகிறது. ஆனால் அந்த 1,500 போதாதா ஒரு ஐ.சி.யைக் கொல்ல? போதாக்குறைக்கு நாள் முழுக்க ஏசி ஓடும் ஹாலில் காற்று வறண்டுவிடும்.

அதனால்தான் இத்தனை கெடுபிடி. பாலித்தீன் கவர், டிபன் பை, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் மேஜைக்கு வரக்கூடாது. மேஜை மேல் தனி மேட், காலில் ஹீல் ஸ்ட்ராப், கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப். இந்த ரிஸ்ட் ஸ்ட்ராப் வாட்ச் பட்டை மாதிரி இருக்கும், அதிலிருந்து ஒரு ஒயர் எர்த்துக்குப் போகும். உடம்பில் சேரும் மின்சாரம் உடனுக்குடன் பூமிக்கு இறங்கிவிடும். அந்த ஒயருக்குள் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அது போர்டுக்காக இல்லை, மாட்டியிருக்கும் ஆளுக்காக. தெரியாமல் 230 வோல்ட் லைனில் கை பட்டாலும், ஸ்ட்ராப் வழியாக கால் மில்லி ஆம்பியர்கூடப் போகாது. போர்டைக் காப்பாற்றும் பட்டை மனுஷனைக் கொன்றுவிடக்கூடாது என்று யோசித்துச் செய்தது.

இனிமேல் சொல்லப் போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

2008 ஜனவரி. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே ஐ.சி. போயிருந்தது. பார்கோடை வைத்துத் தேடினால், எல்லாம் ஒரே மேஜை, ஒரே ஷிப்ட், ஒரே ஆள். கான்ட்ராக்டில் வேலை செய்த பெண், வயது இருபது இருக்கும், திருவண்ணாமலைப் பக்கம். ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

மீட்டிங்கில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: ஸ்ட்ராப் மாட்டாமல் வேலை செய்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "தினமும் மாட்டினேன் சார். வாசல்ல டெஸ்ட் பண்ணும்போது பச்சை லைட் எரிஞ்சுது சார்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நாங்கள் நம்பவில்லை. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டில் எழுதினோம். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை, கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து, அதே மேஜையில் புது ஆள் செய்த போர்டிலும் அதே ஐ.சி. போனது.

அன்று சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்ட்ராப், மேட் இரண்டும் மேஜை ஓரத்தில் இருக்கும் ஒரு எர்த் முனையில் சேரும். அந்த முனையிலிருந்து ஒரு பச்சை ஒயர் சுவரோரம் போகும் எர்த் பட்டைக்குப் போக வேண்டும். ஒயர் இருந்தது, ஆனால் பட்டையில் மாட்டப்படவில்லை. டிசம்பரில் லைனை மாற்றி அமைத்தபோது மேஜையை நகர்த்திய யாரோ கழற்றிவிட்டு, திரும்ப மாட்டவில்லை.

வாசலில் இருக்கும் டெஸ்டர் ஸ்ட்ராப்பையும் மாட்டியிருக்கும் ஆளையும் மட்டும்தான் சோதிக்கும். மேஜைக்கு எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. அவள் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்தாள், அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. அவளும் மேட்டும் போர்டும் சேர்ந்து மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தனியாக எர்த் ஆகியிருந்த சோல்டரிங் அயர்ன் முனை தொட்டதும் எல்லாம் ஐ.சி. வழியாக இறங்கியிருக்கிறது.

மேஜைகளின் எர்த்தை வாரா வாரம் மீட்டர் வைத்து அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். அந்த மேஜையின் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் 'சரி' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. ஆடிட் வருகிறது என்ற அவசரத்தில், எல்லா மேஜைக்கும் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிப் போட்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இனிமே பார்த்துக்கோங்க" என்றார். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. அவளுக்கு வேலை போனது, எனக்கு ஒரு "சரி".

கான்ட்ராக்டர் மூலம் நம்பர் வாங்கிப் பேசினேன். அவள் திருப்பூர் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்திருந்தாள். தப்பு எங்களுடையது, திரும்ப வரலாம் என்றேன். "வேணாம் சார், இங்க சேர்ந்துட்டேன்" என்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "என் பேருல எழுதினதை அடிச்சிட்டீங்களா சார்?"

"அடிச்சாச்சும்மா" என்றேன். பொய். போனை வைத்துவிட்டுத்தான் அது எனக்கு உறைத்தது. மறுநாள் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, காரணத்தை மாற்றி, 'எர்த் இணைப்பு இல்லை, வாராந்தரச் சோதனை செய்யப்படவில்லை' என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை அளக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? பராமரிப்புக் கமிட்டியில் சேர்ந்து எலக்ட்ரிகல் ரெஜிஸ்டரில் மாதா மாதம் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். சந்தோஷமாகச் சேர்கிறேன். அதற்கு முன் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். எர்த் பிட் பத்தியில் எல்லா மாதமும் 'சரி' என்று இருக்கிறது. நம் வளாகத்தில் எர்த் பிட் நான்கு. அதில் ஒன்றின் மேல் போன வருஷம் பார்க்கிங்கில் டைல்ஸ் போட்டு மூடிவிட்டோம். அதை யார், எப்படி அளந்தார்கள்?

எழுதிய சூப்பர்வைசரைத் திட்ட வேண்டாம். அவரிடம் அளக்கும் கருவியே இல்லை. போன மாதம் லிப்ட் போர்டு போனபோதும் நாம் முதலில் கேட்டது வாட்ச்மேனைத்தான்.

எனவே மூன்று விஷயம். ஒன்று, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து நான்கு எர்த் பிட்டையும் வருஷத்துக்கு ஒருமுறை, மண் காய்ந்திருக்கும் கோடையில், எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும். ரெஜிஸ்டரில் 'சரி' என்று எழுதாமல், வந்த எண்ணை எழுத வேண்டும். டைல்ஸை எடுத்து அந்தப் பிட்டுக்கு மூடி போட வேண்டும்.

இரண்டு, உங்கள் வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கும். அதன் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் கீழே விழுந்தால் அந்தக் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம், எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதுவும் அந்தப் பச்சை லைட் மாதிரிதான். கீசர், வாஷிங் மெஷின் பிளக்குகளுக்கு எர்த் வருகிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, இது என் பழைய தொழில் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும்போதும், பைக்குக்கு பெட்ரோல் வாங்கும்போதும், கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாதீர்கள். அதற்கென்று செய்த கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வண்டி மேல் இருக்கும் கேனில் சேரும் மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை. பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க ஒரு சின்னப் பொறி போதும்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பார்க்கிங்கில் இருப்பேன். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். கூட இரண்டு பேர் வந்தால் நல்லது. அளந்த பிறகு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறேன்.