மலையேறாத பாடம்

(குரங்கணியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மலையில இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஆன்லைனில் குரூப் 4 பாடம் நடத்தப்போறோம், வீடியோ எடுக்க கேமரா வாங்கணும்னு சொன்னீங்க. வாங்கலாம். அதுக்கு முன்னால இந்த மலையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல், கீழே கொட்டகுடி. போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரத் துரைமார் மூணாறுத் தேயிலையைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு இந்தச் சரிவில் இறக்கினார்கள். தேயிலைப் பெட்டி இறங்கக் காட்டிய அவசரத்தை, அதைச் சுமந்தவன் பிள்ளைக்குப் படிப்பு ஏறுவதில் யாரும் காட்டவில்லை.

2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் 'ஆன்லைன்' என்றார்கள். 2017-18இல் அரசே எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமத்து வீடுகளில் இணைய வசதி உள்ளவை நூற்றுக்கு 15கூட இல்லை. கம்ப்யூட்டர் உள்ளவை 4 சொச்சம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். 2020 ஜூன் 1, கேரளத்தில் ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரத்தில் ஒரு தலித் மாணவி தன்னை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் கிடையாது, அப்பா கூலித் தொழிலாளி. பாடம் போனது. அவள் வீட்டுக்குப் போகவில்லை.

நம்ம பாடம் போகுமா? அரைமணி நேர வீடியோ சுமாரான தரத்திலேயே 200 எம்பியைத் தாண்டும். அதே பேச்சைக் குரல் மட்டுமாகச் சுருக்கினால் 7 எம்பி. எழுதி அனுப்பினா 1 எம்பிகூட வராது. சிக்னல் கிடைக்கிற பாறையில ஒரு தடவை இறக்கிக்கிட்டா, வீட்டுல உக்காந்து பத்துத் தடவை கேக்கலாம், படிக்கலாம்.

அடுத்தது நேரம். ஏலத்தோட்ட ஜீப் விடியுமுன்னே போடிமெட்டு ஏறுது. வீட்டுல போன் ஒண்ணு, அதுவும் அப்பாகூடப் போயிரும். காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு வெச்சா யாரு வருவா? பாபாசாகேப் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, 1917இல் பரோடா உதவித்தொகை முடிந்து பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி கிடைத்தது. பம்பாயில் வேலை பார்த்துக் காசு சேர்த்து 1920இல் திரும்பப் போனார், 1923இல் டி.எஸ்சி. பட்டம். அன்னிக்கு 'ஞாயிறு இரவு 12 மணிக்குள் சமர்ப்பி, இல்லேன்னா கணக்கு மூடப்படும்'னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

நான் பேங்க் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவன். காய் எடை, கூலி, பிடித்தம் எல்லாத்தையும் மனசுலயே தப்பில்லாமச் சொல்ற ஆத்தா, பணம் எடுக்கிற படிவத்து முன்னால திணறுறாங்க. 'நீயே எழுதிருப்பா'ங்கிறாங்க. கோளாறு ஆத்தாகிட்ட இல்ல, அந்தப் படிவத்தை எழுதினவன்கிட்ட. ஆன்லைன் பாடத்திலும் லாகின், ஓடிபி, சப்மிட்னு முதல் பக்கத்திலேயே பிள்ளை நின்னுரும். இன்னிக்கு எந்தப் பாடம், அடுத்து எதை அழுத்தணும், எப்ப முடியும், புரியலேன்னா யாரைக் கேக்கணும் — இது நாலும் பேசுற தமிழில் முதல்லயே இருக்கட்டும். எளிமையா எழுதினா தரம் போயிடும்னு ஒரு தோழர் கவலைப்பட்டார். அது பழைய பார்ப்பனியக் கவலை, நமக்கு எதுக்கு?

இன்னொண்ணு. புத்தகப் பக்கத்தைப் போட்டோ புடிச்சு பிடிஎஃப்னு அனுப்பாதீங்க. சின்ன போனில் எழுத்து தெரியாது. பார்வையற்ற மாணவரின் போனில் வாசித்துக் காட்டும் செயலிக்கு அது வெறும் படம். சிரமம்தான், ஆனாலும் யூனிகோடில் அடியுங்க.

கேமரா காசு அப்படியே இருக்கட்டும். முதல்ல ஒரே ஒரு பாடம், நாலு பக்க எழுத்தும் பத்து நிமிஷக் குரலுமாச் செய்வோம். சென்ட்ரல்ல இருந்து வந்திருக்கிற தங்கச்சி அதை மெமரி கார்டுல ஏத்திட்டுப் போகட்டும். எங்கெங்க புரியாம நின்னுச்சுன்னு அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து சொல்லட்டும். ரெண்டாவது பாடத்தை அதுக்கப்புறம் எழுதுவோம்.