தானியத்தில் வளரும் மருந்துக் காளான்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் வைத்தியரும் அல்லோம், விஞ்ஞானியும் அல்லோம். ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுவதே நம் உத்தியோகம். மேலே ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது நமக்குப் பழகிப்போன வேலை. இப்பொழுது காலனி வீடுகளில் புகுந்துவரும் மருந்துக் காளான் பொடியையும் அதே கண்கொண்டு பார்ப்போம் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

காளான் தமிழருக்குப் புதிதன்று. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையை எடுத்துரைக்கும்போது, நெடுநாள் எரியாத அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் கூறுகிறார். ஆம்பி என்பது காளானே. அன்று வறுமைக்கு அடையாளமாக நின்ற பொருள் இன்று சிறு டப்பியில் அடைபட்டுப் பெரிய விலைக்கு விற்கிறது!

காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆகையால் செடிகளைப்போல் வெயிலின் துணையால் உணவை ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. வைக்கோல், மரம், தானியம் ஆகியவற்றினுள் நூலினும் மெல்லிய இழைகளைச் செலுத்தி, அவற்றைக் கரைத்து உண்கிறது. நாம் காணும் குடை அதன் கனி போன்றது; அதன் உடல் அவ்விழைகளே.

இவ்விழைகளைத் தானியத்தில் வளர்க்கும் முறைக்கு 1932-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சிண்டன் காப்புரிமை பெற்றார். சோளத்தையோ கோதுமையையோ அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, சுண்ணாம்புத் தூள் கலந்து, பையிலோ புட்டியிலோ அடைத்து, நீராவியில் கிருமி நீக்கிக் காளான் இழையை இடுவர். பத்துப் பதினைந்து நாட்களில் தானியம் முழுதும் வெண்மையாகப் படர்ந்துவிடும். இதுவே காளான் வித்து. இதனை வைக்கோலில் இட்டால் சிப்பிக் காளான் விளையும். காளான் ஆராய்ச்சிக்கென்றே ஹிமாசலப் பிரதேசத்துச் சோலன் நகரில் மத்திய நிலையம் ஒன்று இயங்குகிறது.

மருந்துக் காளான்களுள் இந்நாளில் மிகுதியாகப் பேசப்படுவது கார்டிசெப்ஸ். இமயமலையில் பித்தோராகட் போன்ற பகுதிகளில், மண்ணுக்குள் புழுவின் உடலிலிருந்து முளைப்பது ஒருவகை. அங்குள்ளோர் அதனைக் ‘கீடா ஜடி’ என்பர். புட்டியில் அரிசியின்மேல் ஆரஞ்சு நிறக் குச்சிகளாக வளர்க்கப்படுவது கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்னும் வேறொரு வகை. பெயர் ஒற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இனி, பயன்களைப் பார்ப்போம். உணவு என்ற அளவில் காளான் நல்ல பொருள் என்பதில் ஐயமில்லை. நூறு கிராம் பச்சை மொட்டுக் காளானில் தொண்ணூறு கிராமுக்கு மேல் நீர். சுமார் மூன்று கிராம் புரதம். கொழுப்பு மிகச் சிறிது. பி வகை வைட்டமின்கள் உண்டு. சிறிது நேரம் வெயிலில் வைத்தால் வைட்டமின் டி பெருகும். இழைகளிலும் குடையிலும் பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புபடுத்தி ஆராயப்படுவது இதுவே.

மருந்து என்ற அளவிலும் வரலாறு உண்டு. கார்டிசெப்ஸிலிருந்து 1950-இல் கார்டிசெபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். வான்கோழி வால் காளானின் சாரத்துக்கு 1977-லும், ஷிட்டாக்கே காளானின் சாரத்துக்கு 1985-லும் ஜப்பான் நாடு அனுமதி வழங்கிற்று. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவை தூய்மை செய்யப்பெற்ற சாரங்கள். டாக்டர்களின் மேற்பார்வையில், புற்றுநோய்ச் சிகிச்சையோடு துணையாகத் தரப்பட்டவை. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

கடைப் பொடியின் சரக்கு வேறு. தானியத்துள் ஊடுருவிய இழையைத் தனியே பிரிக்க இயலாது. ஆகவே இழையையும் தானியத்தையும் சேர்த்தே உலர்த்தி அரைத்துவிடுவதும் உண்டு. சீட்டில் காளான் என்றிருக்கும்; உள்ளே பெரும்பகுதி அரிசி மாவாகவும் இருக்கலாம். சிறிது பொடியை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலம் தோன்றினால் மாவு உண்டென்று அறியலாம். சோதித்த நீரைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இதனை முக்கியமாகக் கவனித்தல் நலம்.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இத்தகைய பொடியையே நம்பியிருந்தார். காலில் பட்ட சிறு புண் ஆறாமல் சீழ் கட்டிற்று. இறுதியில் ஒரு விரலை இழந்தார். பொடி அவரைக் கெடுத்ததென்று கூறமாட்டோம். மாத்திரையை விட்டதே கெடுத்தது. அவர் படித்தவர், விளம்பரத்தில் கண்டதைப் பிறர் சொல்லவும் கேட்டு நம்பிவிட்டார்.

ஆதலின் நாம் கைக்கொள்ளவேண்டியவை சில. சீட்டில் குடைப்பகுதியா, இழையும் தானியமுமா என்று பாருங்கள். பீட்டா குளுக்கனின் அளவு குறிக்கப்படாத பொடியை வாங்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் டாக்டரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. எலியிடத்தில் கண்ட பயன் மனிதரிடத்திலும் உண்டென்று உடனே முடிவு கட்டாதீர்கள். மழைக்காலத்தில் தோட்டத்தில் முளைப்பதைப் பறித்துச் சமைக்கவும் வேண்டாம். நச்சுக் காளானைக் கண்ணால் பிரித்தறிதல் எளிதன்று.

பொடிக்குச் செலவிடும் பணத்தில் கடைத்தெருவில் புதிய காளான் வாங்கி, நன்றாக வேகவைத்து, மிளகு சேர்த்துக் குழந்தைகளோடு உண்ணுங்கள். அது உணவு; உடலுக்கு நன்மை தரும். நோய்க்கு மருந்து டாக்டரிடம். இவ்விரண்டையும் குழப்பாதிருந்தால் நம் காலனிக் குடும்பங்கள் பணத்தையும் காத்துக்கொள்ளும், உயிரையும் காத்துக்கொள்ளும்.